காலையில் ஒரு கால் மணித்தியாலம் தாருங்கள்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், கோட்டக் கல்வி அதிகாரிகளுக்கும், ஆங்கிலப் பாட ஆசிரிய ஆலோசகர்களுக்கும், ஆரம்பப் பிரிவுள்ள பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். 2023 ஆம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை காலை. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் தெத்தித் தெத்தி வந்தாள். சனிக்கிழமை மாடு சாய்க்கப் போன இடத்தில் குதிக்காலில் ஈச்ச முள் ஏறியிருக்கிறது. அம்மம்மா மஞ்சள் பத்துப் போட்டு, பழைய சாரத் துணியைக் கிழித்துக் கட்டி அனுப்பியிருந்தா. வகுப்பு எழுந்து நின்று ஒரே குரலில் "குட் மோர்ணிங் ரீச்சர்" சொன்னது. நான் "ஹவ் ஆர் யூ?" என்றேன். இருபத்து நான்கு வாயும் "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ ரீச்சர்" என்று தேவாரம் போல இழுத்துச் சொல்லி முடித்தன. அவளும் சொன்னாள். கண்ணில் தண்ணீர் முட்டி நிற்க, மேசையைப் பிடித்தபடி, தான் நலமாக இருப்பதாகச் சொன்னாள்.

தரம் 1 இல் தொடங்கி மூன்று வருடமாக அந்த வசனத்தை அவள் ஒவ்வொரு நாளும் சொல்லி வந்தவள். ஒரு நாளாவது அதன் பொருள் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் அவளுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, "மை ஃபுற் ஹேர்ற்ஸ்" என்று சொல்லிக் காட்டினேன். "எனக்குக் கால் நோகுது எண்டு அர்த்தம்" என்றேன். கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மெல்லச் சொன்னாள். வகுப்பு முழுவதும் திரும்பி அவளுடைய காலைப் பார்த்தது. ஒருத்தன் எழுந்து தன் கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டான். அவள் ஆங்கிலத்தில் சொன்ன ஒன்று மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை.

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் காலையில் ஆங்கிலம் பேசிப் பழகப் பதினைந்து நிமிடம் கேட்டு இந்த மடலை எழுதத் துணிந்தது அந்த மூன்று சொல்லால்தான்.

நான் ஆங்கில ஆசிரியை அல்ல. முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் ஆரம்பப் பிரிவு வகுப்பாசிரியை. எங்கள் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியர் வந்த வருடங்களும் உண்டு, வராத வருடங்களும் உண்டு. வந்தவர்களைக் குறை சொல்ல என் மனம் ஒப்பாது. யாழ்ப்பாணத்தில் விடியப்புறம் பஸ் ஏறி, ஏ9 வீதியால் வந்து இறங்கி, அங்கிருந்து இன்னொரு வாகனம் பிடித்து முதலாம் பாடத்துக்கு மூச்சிரைக்க வந்து நின்றவர்கள் அவர்கள். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்து இடமாற்றம் கிடைத்ததும் போனார்கள். அடுத்தவர் வருமட்டும் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒரு தவணை காத்திருந்தால், எட்டு வயதுப் பிள்ளை படித்ததெல்லாம் குளத்து மண்ணில் எழுதின எழுத்தாகிவிடுகிறது.

எனக்கு இந்த மொழி எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான், நான் கேட்கப்போவது உங்களுக்கு விளங்கும்.

2009 இல் எனக்குப் பதினாறு வயது. முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்து, செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் கிடந்தோம். கொப்பி இல்லை, புத்தகம் இல்லை. காலையில் எங்களுக்கிருந்த ஒரே வேலை, தண்ணீர் பவுசர் வருமட்டும் கானை வரிசையில் வைத்துவிட்டுக் காவல் நிற்பது. பக்கத்துக் கூடாரத்தில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். தன் குடும்பத்தில் யார் யார் இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அந்த வரிசையில் அவர் என்னைக் கேட்டார்: "பிள்ளை, இண்டைக்கு என்ன கண்டனீ? இங்கிலீசிலை ஒரு வசனம் சொல்லு."

எனக்கு வாய் திறக்கவில்லை. வரிசையைக் காட்டி "நோ வோற்றர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை. "ஓம். தெயர் இஸ் நோ வோற்றர் ருடே" என்று திருப்பிச் சொன்னார். நானும் சொன்னேன். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். அவர் வைத்த சட்டம் இரண்டே இரண்டு. ஒரு நாளைக்கு ஒரு வசனம். அது உண்மையாக இருக்கவேண்டும். ஒரு நாள் நான் எங்கேயோ படித்துப் பாடமாக்கிய ஒன்றை, வைத்தியராக வரப்போவதாக, அழகாகச் சொன்னபோது கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். "அது வேண்டாம். இண்டைக்குக் கண்டதைச் சொல்லு."

முகாமை விட்டு வெளியே வரும்போது, என்னால் என் நாளைப் பற்றி அந்த மொழியில் சொல்ல முடிந்தது. 2010 டிசம்பரில் க.பொ.த. சாதாரண தரம் எழுதினேன், ஆங்கிலத்தில் சித்தி. மீள்குடியேறிய பிறகு அந்த ஐயாவை நான் காணவில்லை. ஒரு பிள்ளையின் கால் முள்ளைக் கண்டுதான், பதினான்கு வருடம் கழித்து அவருடைய கேள்வி எனக்கு நினைவுக்கு வந்தது. அடுத்த நாள் காலை, பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்பில் இருந்ததும், அதே கேள்வியை நான் கேட்டேன்.

இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது. என்ன நடக்கிறது என்பதை விபரமாகச் சொல்ல விடுங்கள்.

7.30 மணிக்கு மணி அடிக்கும். பிரார்த்தனை, வரவு இடாப்பு முடிய 7.45 ஆகும். அதிலிருந்து 8 மணி மட்டும் மேசையில் ஒன்றுமே இருக்காது. கொப்பி, பென்சில் எல்லாம் பைக்குள். ஒவ்வொரு பிள்ளையும் நேற்றுக் கண்ட, கேட்ட, தின்ற, தொலைத்த ஏதாவதொன்றை ஒரு வசனமாகச் சொல்லவேண்டும். சொல் தெரியாவிட்டால் தமிழில் கேட்கலாம். எனக்கும் தெரியாவிட்டால், தெரியாதென்று சொல்லிக் கரும்பலகையின் மூலையில் அந்தத் தமிழ்ச் சொல்லை எழுதி வைப்பேன். அடுத்த நாளைக்குள் தேடி வரவேண்டியது என் கடன். 24 பிள்ளைக்கு 15 நிமிடம் என்றால், ஆளுக்கு 37 விநாடி வருகிறது. அது கொஞ்சமென்று நினைக்கவேண்டாம். 40 நிமிடப் பாடவேளை ஒன்றில் ஆசிரியர் வாயே திறக்காமல் இருந்தாலும், ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். உண்மையில் நாம்தான் பேசுகிறோம். அவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். பாடசாலை நடக்கும் நாட்களை ஆண்டுக்கு 180 என்று குறைத்து வைத்தாலும், தரம் 1 இலிருந்து தரம் 5 முடிய ஒரு பிள்ளை 900 வசனத்தைத் தன் வாயால், தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொல்லியிருக்கும். இப்போது எத்தனை சொல்கிறது என்று ஒரு வகுப்பில் போய்ப் பின்வாங்கில் இருந்து எண்ணிப் பாருங்கள்.

முதல் மாதத்தில் வந்ததெல்லாம் "ஐ ஈற் றைஸ்" தான். நானும் பொறுத்திருந்தேன். பிறகு ஒரு புதன்கிழமை, கண் சிவந்து வந்த பெடியன் ஒருவன் முறை வருமுன்பே எழுந்தான்.

"எலிஃபன்ற் கம் நைற்."

"யெஸ், தி எலிஃபன்ற் கேம் லாஸ்ற் நைற்" என்றேன். 'கம்' பிழை என்று நான் சொல்லவில்லை. சரியானதைத் திரும்பிச் சொன்னதோடு விட்டேன்; ஐயாவும் அப்படித்தான் செய்தவர்.

"கொக்கனற் றீ ஃபினிஷ்."

"ஹவ் மெனி?"

மூன்று விரலைக் காட்டி "த்ரீ" என்றான். அந்த நேரம் மற்ற நிரையில் இருந்த பிள்ளை ஒருத்தி, நான் பேர் சொல்லாமலே எழுந்து, அவனைப் பார்த்து, "அவர் ஹவுஸ் பனானா" என்றாள். அவன் அவளைப் பார்த்து "ஹவ் மெனி?" என்று கேட்டான். தகப்பன்மார் இரவிரவாக யானை வெடி கொளுத்திக் காவல் இருந்துவிட்டு வந்த வீடுகள் இரண்டின் பிள்ளைகள், இழந்த தென்னையையும் வாழையையும் ஆங்கிலத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டார்கள். அதில் நான் இல்லை. என் வகுப்பில் நடந்த முதல் ஆங்கில உரையாடல் அது.

சுவரில் தொங்கும் அரிச்சுவடிப் படத்தில் 'ஐ' எழுத்துக்கு இக்ளூ என்று ஒரு பனி வீடு இருக்கிறது. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அந்தச் சொல்லை இந்தப் பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். அதே படத்தில் 'ஈ' எழுத்துக்குரிய யானை அவர்களுடைய வேலியை உடைத்துக்கொண்டு வருகிறது. யானை வேலி, வாய்க்கால், மடை, வரம்பு, லாண்ட்மாஸ்ரர், சூடு அடிக்கிற மிசின், பாலைப்பழம் இவைதான் இந்தப் பிள்ளைகளின் நாள். இவற்றுக்கு ஆங்கிலத்தில் இடம் உண்டு என்று தெரிந்த அன்றைக்குத்தான் அவர்களுக்கு அந்த மொழியில் சொல்ல ஏதோ இருந்தது.

பிழைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பிழைதான் எனக்கு அதிகம் படிப்பித்தது. பிள்ளைகள் தமிழின் ஒழுங்கிலேயே அடுக்குகிறார்கள்: "ஐ பீகொக் சோ." நான் மயில் கண்டேன். வினையைக் கடைசியில் வைத்துப் பழகிய வாய் அது. "எனக்குப் பசிக்குது" என்று சொல்லப்போய் "மீ ஹங்ரி" என்று வருகிறது. தமிழில் பசி எனக்கு வருகிறது. ஆங்கிலத்தில் நானே பசியோடு நிற்கிறேன். இந்த வித்தியாசத்தை இலக்கணமாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் தரம் 3 பிள்ளைக்குத் தலை சுற்றும். பத்து நாள் பசியோடு வந்து பத்துத் தடவை "ஐ ஆம் ஹங்ரி" என்று சொன்ன பிள்ளைக்கு எழுதிக் காட்டத் தேவையே இல்லை. (அந்த வசனம் அடிக்கடி வருகிறது என்பதையும் நீங்கள் அறியவேண்டும்.) மழை நாளொன்றில் "இற் இஸ் ரெயினிங்" சொல்லிக் கொடுத்தபோது ஒரு பிள்ளை கேட்டாள்: "ஆர் ரீச்சர் அந்த இற்?" நான் திகைத்து நின்றேன். தமிழில் மழை தானே பெய்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வசனம் நிற்காது, அதனால் ஒருவருமில்லாத இடத்தில் ஒரு 'இற்' ஐ நிறுத்தி வைக்கிறார்கள் என்று சொன்னேன். "அப்ப வயல் வெருளி மாதிரி" என்றாள். அதைவிட நன்றாக அதை விளக்கியவர் எவரையும் நான் கண்டதில்லை.

உச்சரிப்பைப் பற்றி எங்கள் ஆசிரியர்களுக்கு உள்ள பயம் பெரிது. "எனக்கே சரியாச் சொல்ல வராது, நான் எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது?" என்று என்னோடு படிப்பிக்கும் ரீச்சர்மார் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். காற்று, நேற்று, வெற்றி என்று நாங்கள் சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் உள்ள முரசில் படுகிறது. ஆங்கிலத்து 'ரி' (T) எழுத்தின் ஒலி பிறப்பதும் அந்த இடத்தில்தான். ரிக்கற், யூனிற் என்று ற் போட்டு நாங்கள் எழுதுவது அதனால்தான். தமிழகத்தார் அந்த இடத்தில் ட் போடுவார்கள். எங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிற ஒலி அது. சைக்கிள் திருத்துகிற கொட்டிலில் நிற்கிற எந்தப் பெடியனும் ரயர், ரியூப், வால்வு, செயின், பெடல், பிறேக், கரியர் என்று ஆங்கிலச் சொல்லாகவே பேசுகிறான். அவனுக்கு வசனம் ஒன்றை மட்டும் கோத்துக் கொடுத்தால் போதும். கஷ்டமான ஒலிகளும் உண்டு. 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகிறது. 'இசட்' ஒலி வருவதே இல்லை. வண்டு காதுக்குப் பக்கத்தில் பறக்கிற சத்தத்தைச் செய்து காட்டச் சொன்னேன். 'சூ' எல்லாம் 'ஸூ' ஆகிவிட்டது. வராத ஒலி வராமலே கிடந்தாலும் ஒன்றும் கெட்டுப் போகாது. உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் தங்கள் தங்கள் நாக்கோடுதான் இந்த மொழியைப் பேசுகிறார்கள்.

இனி, இதற்குத் தடையாக நிற்பவை. மரியாதையோடும், மனத்தாங்கலோடும் எழுதுகிறேன்.

நான் முன்பு இருந்த பாடசாலை ஒன்றுக்கு மேற்பார்வைக்கு வந்த ஒருவர் என் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பியை எடுத்துப் பார்த்தார். பக்கங்கள் போதாது என்றார். "வேலை நடந்ததுக்கு ஆதாரம் எங்கை ரீச்சர்?" என்று கேட்டார். ஆதாரம் அவருக்கு முன்னால் வாங்கில் இருந்தது. ஒரு பிள்ளையையாவது பேசச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அடுத்த கிழமையிலிருந்து நானும் எல்லோரையும் போல் கரும்பலகையில் எழுதி, பார்த்தெழுத விட்டு, சிவப்புப் பேனையால் சரி போட்டேன். கொப்பிகள் நிரம்பின. பிள்ளைகளின் வாய் மூடிக்கொண்டது. அந்த வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கவலை.

இன்னொன்று ஆங்கில தினப் போட்டி. போட்டி வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் நானே செய்த ஒன்றைச் சொல்லவேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தியைத் தெரிந்தெடுத்து, மூன்று கிழமை மற்றப் பாடங்களை விட்டுவிட்டு, ஒரு பாட்டை அபிநயத்தோடு பாடமாக்க வைத்தேன். கோட்ட மட்டத்தில் இடம் கிடைத்தது. மேடையிலிருந்து இறங்கி வந்தவளிடம் நடுவர் ஒருவர் அன்பாக "வட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டார். பிள்ளை பாட்டின் முதல் வரியைத் திரும்பத் தொடங்கினாள். அந்த மூன்று கிழமையும் மற்ற இருபது பிள்ளைகள் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அது எழுத்துப் பரீட்சை. பேச்சுக்குப் புள்ளி இல்லை. தரம் 5 தொடங்கியதும் கடந்தகால வினாத்தாள்கள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பேசத் தொடங்கின பிள்ளைகள் அந்த வருடத்தில் பேச்சை விட்டுவிடுகிறார்கள்.

பெற்றோர் பக்கம் ஒரு பயம் இருக்கிறது. "தமிழே வடிவா எழுத வராததுக்கு இங்கிலீசு ஏன் ரீச்சர்?" என்று ஒரு தகப்பன் கேட்டார். நியாயமான கேள்வி. மொழிக்காக எவ்வளவோ இழந்த மண்ணில் இருந்து கேட்கிற கேள்வி. நான் ஆங்கில மூலக் கல்வி கேட்கவில்லை. கணக்கும் சுற்றாடலும் சமயமும் தமிழில்தான் நடக்கவேண்டும், பிள்ளை சிந்திக்கவும் கனவு காணவும் தமிழ்தான் வேண்டும். ஆனால் அந்தத் தகப்பனுக்கு நான் ஒரு குருவியின் கதையைச் சொன்னேன். அவருடைய மகன் ஒருநாள் வயலில் கண்ட குருவியைப் பற்றிச் சொல்ல வந்தான். ஆங்கிலத்தில் கேட்க அவனுக்குத் தமிழில் பேர் தெரியவில்லை. "கத்திற குருவி" என்றான். பேரைக் கேட்டு வா என்று அனுப்பினேன். அடுத்த நாள் வாசலிலேயே நின்று, "ஆள்காட்டி ரீச்சர்! அப்பப்பா சொன்னவர். ஆள் வந்தாக் காட்டிக் குடுக்குமாம்" என்றான். நான் லப்விங் என்ற சொல்லைத் தேடி வைத்திருந்தேன். ஒரே காலையில் இரண்டு மொழியிலும் அவனுக்கு ஒரு குருவி கிடைத்தது. ஆங்கிலம் கேட்ட கேள்வியால் அப்பப்பாவின் தமிழ் ஒன்று பேரனுக்கு இறங்கியது. இப்படி என் கரும்பலகை மூலையில் எழுதப்பட்டு, வீட்டுக்குப் போய், திரும்பி வந்த தமிழ்ச் சொற்கள் நிறைய உண்டு.

அதே தகப்பனுக்கு இன்னொன்றும் சொன்னேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 இலிருந்து நடக்கிறது. விவசாய பீடமும் அங்கேதான். 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகியது. எங்கள் காட்டுக்கும் வயலுக்கும் நடுவிலே, எங்கள் இரணைமடுத் தண்ணீர் பாய்கிற நிலத்துக்குப் பக்கத்திலே கட்டடம் எழுந்து நிற்கிறது. அந்தப் பொறியியல் பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில். பதின்மூன்று வருடம் தமிழில் படித்து, கணிதத்தில் மூன்று பாடமும் திறமையாகச் சித்தியடைந்து, சைக்கிளிலே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கிற அந்த மண்டபத்துக்குள் போய் இருக்கிற எங்கள் பிள்ளை முதல் நாள் தலை குனிந்திருக்கிறது. விளங்காமல் இல்லை, கேள்வி கேட்க வாய் வருவதில்லை. அந்த வாயைப் பதினெட்டு வயதில் திறப்பது கடினம். எட்டு வயதில் ஒரு யானை போதும்.

1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் தமிழை அரசகரும மொழி என்றும், ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றும் அரசியலமைப்பில் எழுதியது. தெற்கே காலியில் சிங்களம் பேசுகிற பிள்ளையும் இங்கே ஒட்டுசுட்டானில் தமிழ் பேசுகிற பிள்ளையும் ஒரு நாள் எதிரெதிரே நின்றால் பேசிக்கொள்ள ஒரு மொழி வேண்டும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. எழுதி வைத்ததோடு அந்த இணைப்பு வந்துவிடாது.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1999 இல் நாடு முழுவதும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்திலேயே, தரம் 1, 2 பிள்ளைகளுக்குச் செயற்பாட்டோடு கூடிய வாய்மொழி ஆங்கிலம் என்று வகுத்துவிட்டார்கள். அதை வகுப்பாசிரியரே நடத்தலாம் என்றுதான் வைத்தார்கள். எழுத்தும் வாசிப்பும் தரம் 3 இல் பாடமாக வரும். பேச்சு முதலில், எழுத்துப் பிறகு என்ற ஒழுங்கு சரியான ஒழுங்கு. எந்தத் தாயும் பிள்ளைக்கு அ எழுதிக் காட்டிய பிறகு 'அம்மா' சொல்லப் பழக்குவதில்லை. எழுத்துத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிடுகிறோம், அங்கேதான் அறுகிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. வன்னியின் எல்லா ஆரம்பப் பிரிவு வகுப்புகளிலும், தரம் 1 இலிருந்து தரம் 5 வரை, ஒவ்வொரு நாளும் காலையில் பதினைந்து நிமிடத்தை நேரசூசியிலே எழுதி ஒதுக்கித் தாருங்கள். அதை வகுப்பாசிரியரே நடத்தட்டும். ஆங்கில ஆசிரியர் இருக்கிற பாடசாலையில் அவருடைய பாடவேளை அப்படியே இருக்கட்டும். இது அதற்குப் பதிலல்ல. ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலையில், அவர் வருமட்டும் பிள்ளையின் வாய் துருப்பிடிக்காமல் இருக்கும். இந்த நேரத்துக்குக் கொப்பி கேட்காதீர்கள், பரீட்சை வைக்காதீர்கள், புள்ளி போடாதீர்கள், போட்டியாக்காதீர்கள். மேற்பார்வைக்கு வரும்போது பிள்ளைகளோடு வாங்கில் இருந்து உங்கள் வசனத்தையும் சொல்லுங்கள். தரம் 5 க்கும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்; பதினைந்து நிமிடத்தால் எவருக்கும் வெட்டுப்புள்ளி தவறாது.

ஆசிரிய ஆலோசகர்களிடம் தனியாக ஒன்று. எங்களுக்குப் பயிற்சிப் பட்டறையைவிடக் குரல்தான் தேவை. கிழமைக்கு ஒரு தடவை, நாங்கள் அனுப்புகிற சொற்களையும் வசனங்களையும் உங்கள் வாயால் சொல்லி, இரண்டு நிமிடப் பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று இறக்கிக்கொள்வோம். கொத்தணிப் பாடசாலைகளில் மாதத்துக்கு ஒரு நாள் வகுப்பாசிரியர்கள் கூடி, நாங்களும் ஆளுக்கொரு வசனம் சொல்லிப் பழக ஒழுங்கு செய்யுங்கள். ஆசிரியருக்குக் கூச்சம் போனால்தான் பிள்ளைக்குப் போகும். முப்பது நாற்பது பிள்ளைகளோடு ஒரே மண்டபத்தில் இயங்கும் சின்னப் பாடசாலைகளில் எல்லாத் தரத்தையும் ஒன்றாக இருத்தி நடத்தலாம். மூத்தது சொல்வதைக் கேட்டு இளையது சொல்லும். அக்கா சமைப்பதைப் பார்த்துச் சிரட்டையில் சோறு காய்ச்சுவது போல.

பேசாத பிள்ளையைப் பேசு என்று அதட்டக்கூடாது என்பதையும் சுற்றறிக்கையில் ஒரு வரியாகப் போடுங்கள். என் வகுப்பில் ஒரு பெடியன் இரண்டு தவணை முழுவதும் தன் முறை வரும்போது எழுந்து நின்று, தலையை ஆட்டிவிட்டு இருந்துவிடுவான். தமிழிலும் அவன் அதிகம் பேசுவதில்லை. அவனுடைய வீட்டுக் கதை எனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு நாளும் "தேங்க் யூ" என்று சொல்லி அடுத்த பிள்ளைக்குப் போனேன். மூன்றாம் தவணையில், மாரி மழை தொடங்கின கிழமை, எழுந்து நின்று தலையை ஆட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "கவ் பேபி. வைற்" என்றான். பசு கன்று போட்டிருக்கிறது, வெள்ளைக் கன்று. "இஸ் இற் அ போய் ஓர் அ கேர்ள்?" என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "கேர்ள். மில்க் கம்" என்றான். வகுப்பு கை தட்டியது. அவன் இருந்துவிட்டான். அடுத்த நாள் கன்றுக்குக் கழுத்தில் மணி கட்டியதாகச் சொன்னான். அதற்கடுத்த நாள் அதற்கு வைத்த பேரைச் சொன்னான்.

நான் எழுதியதில் நம்பிக்கை வராவிட்டால் நேரே வாருங்கள். முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை. அறிவித்தால் அதிபர் தோரணம் கட்டத் தொடங்கிவிடுவார், பிள்ளைகளுக்குப் பாடமாக்கின வசனம்தான் வாயில் வரும். 7.45 க்கு முன் வந்து பின்வாங்கில் இருந்தால் போதும். உங்களிடமும் நேற்று என்ன கண்டீர்கள் என்று கேட்பார்கள். ஒரு வசனம் யோசித்து வாருங்கள். ஐப்பசிக்கு முன் வருவது நல்லது. மழை பிடித்தால் வாய்க்கால் நிரம்பிப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும். வாகனம் இந்தப் பக்கம் வராது.

இப்படிக்கு,
தரம் 3 வகுப்பாசிரியை,
முல்லைத்தீவு மாவட்டம்